மேல் எடைக்கு ஏறுவது யாருக்குச் சரி, யாருக்கு ஆபத்து?

குத்துச்சண்டையில் ஒரு எடைப்பிரிவில் எதிர்க்க ஆளில்லாமல் போன சாம்பியன் அடுத்த பிரிவுக்கு ஏறியே ஆக வேண்டுமா, ஏறாவிட்டால் அது பயமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2025 செப்டம்பரில் டெரன்ஸ் க்ராஃபோர்டு இரண்டு பிரிவு மேலே போய் கனெலோ ஆல்வரெஸை வென்றதிலிருந்து, "அவர் ஏறினாரே, நீ ஏன் ஏறவில்லை?" என்று ஒவ்வொரு சாம்பியனையும் ரசிகர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற வேண்டும் என்ற கடமை எந்தச் சாம்பியனுக்கும் கிடையாது. ஆனால் உடம்பு தன் பிரிவின் எல்லையைத் தாண்டி வளர்ந்துவிட்டால் ஏறித்தான் ஆக வேண்டும், பெல்ட்டைக் காப்பாற்றுவதற்காகக் கீழேயே தங்கக் கூடாது. ஏறி நிலைத்துவிட்டவர் பிறகு பழைய எடைக்கு இறங்கவே கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பெரிய வீரர்கள் உடைந்துபோன கதைகளில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் இந்த எடை என்பது என்ன என்று பார்த்துவிடலாம். தொழில்முறை குத்துச்சண்டையில் எடை பார்ப்பது சண்டைக்கு முந்தின நாள். தராசில் 147 பவுண்டு காட்டிய ஆள் மறுநாள் ராத்திரி ரிங்குக்குள் 147 பவுண்டாக இருக்க மாட்டார். கடைசி வாரத்தில் உப்பைக் குறைத்து, தண்ணீரை நிறுத்தி, வெந்நீர்த் தொட்டியிலும் சானாவிலும் உட்கார்ந்து வியர்த்துத்தான் அந்த எண்ணைத் தொடுகிறார்கள். தராசை விட்டு இறங்கியதும் குடித்தும் சாப்பிட்டும் பத்து, பதினைந்து பவுண்டு வரை திரும்ப ஏற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. ஆகவே ஒருவர் எந்தப் பிரிவின் சாம்பியன் என்பதை வைத்து அவர் உடம்பின் அளவைச் சொல்லிவிட முடியாது. சண்டையன்று ராத்திரி என்ன எடை, பயிற்சி இல்லாத நாட்களில் என்ன எடை என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சண்டை போதும். 2000 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆர்ட்டுரோ காட்டியும் ஜோயி கமாஷும் 141 பவுண்டுக்கு ஒப்புக்கொண்டு மோதினார்கள். மறுநாள் ரிங்குக்கு வந்தபோது காட்டி ஏறக்குறைய 160 பவுண்டு, அதாவது ஒரு மிடில்வெயிட். இரண்டாவது ரவுண்டிலேயே கமாஷ் நினைவிழந்து விழுந்தார். மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அவர் அதற்குப் பிறகு சண்டையிடவே இல்லை. மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் மீது வழக்குப் போட்டார். எடை பார்ப்பதில் ஆணையம் கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று தீர்ப்பு வந்தது, இழப்பீடு வரவில்லை. காகிதத்தில் அது ஒரே எடையில் இருந்த இருவரின் சண்டை.

ஆகவே "மேலே ஏறினார்" என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒருவர் இத்தனை நாள் பட்டினி கிடந்து தொட்ட எண்ணை இனி தொட வேண்டாம் என்று முடிவு செய்கிறார். அவருக்கு உடம்பு அதேதான், பட்டினி மட்டும்தான் போகிறது. இன்னொருவர் தன் உடம்பு இயல்பாக நிற்கும் எடையை விட்டு, தன்னைவிடப் பெரிய எலும்புக்கூடு கொண்டவர்களோடு மோதப் போகிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அறிவிப்புதான், ஆபத்தின் அளவு மட்டும் முற்றிலும் வேறு.

முதல் வகைக்கு மானி பக்கியாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1998 டிசம்பரில் 112 பவுண்டு ஃப்ளைவெயிட்டில் உலக சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு தாய்லாந்தில் அந்தப் பட்டத்தைத் தராசிலேயே இழந்தார், எடைக்குள் வர முடியவில்லை. வற்றிப்போன உடம்போடு ரிங்குக்குள் போய் மூன்றாவது ரவுண்டில் மெட்கோன் சிங்சுராட்டிடம் நாக் அவுட் ஆனார். அப்போது அவருக்கு 20 வயது, உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது. 112-ஐ விட்டு நேராக 122-க்குப் போனார். 2001-ல் லாஸ் வேகஸில் கடைசி நேரத்தில் கிடைத்த வாய்ப்பில் லெட்வாபாவை அடித்து நொறுக்கி அங்கேயும் சாம்பியன் ஆனார். அவர் உடம்பு எப்போதோ 112-ஐ விட்டுப் போயிருந்தது, முடிவுதான் தாமதமாக வந்தது.

ஆனால் அதே பக்கியாவின் கதையின் இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரசிகர்கள் 'எட்டுப் பிரிவுச் சாம்பியன்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2009 நவம்பரில் 147-ல் மிகேல் கோட்டோவைக் கடைசி ரவுண்டில் நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் ஒருவரைக்கூட நாக் அவுட் செய்யாமல் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 2018 ஜூலையில் மத்தீஸேயை வீழ்த்தியதுதான் அடுத்தது. இடைப்பட்ட காலத்தில் புள்ளிகளில் நிறைய வென்றார். கை வேகம் கூட வந்தது, கால்கள் கூட வந்தன, அந்த விசித்திரமான கோணங்கள் கூட வந்தன. கீழே ஆட்களை மயங்க வைத்த குத்தின் கனம் மட்டும் 147-ல் இருந்தவர்களைக் கீழே தள்ளப் போதவில்லை. 2010-ல் மார்கரிட்டோவோடு மோதிய ராத்திரி பக்கியாவ் 148, மார்கரிட்டோ 165. பக்கியாவ் வெகு எளிதாகப் புள்ளிகளில் வென்றார். ஆனால் விலா எலும்பில் வாங்கிய அடிகளில் அவர் வளைந்து நின்ற கணங்களும் உண்டு. 154 பவுண்டுப் பட்டம் ஒன்று கணக்கில் சேர்ந்தது, அந்தப் பிரிவுக்கு அவர் திரும்பிப் போகவே இல்லை. மிகச் சரியான முடிவு.

ஒருவர் ஏறலாமா என்று யோசிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அவர் எதனால் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்? தூரத்தைக் கணிப்பது, நேரம் பார்த்து அடிப்பது, காலை நகர்த்துவது, எதிராளியின் பழக்கத்தைப் படிப்பது இவையெல்லாம் மேல் எடைக்கும் கூடவே வரும். குத்தின் கனத்தாலும் உடம்பால் நெருக்கித் தள்ளுவதாலும் ஜெயிப்பவருக்கு மேலே போனால் சொத்தில் பாதி போய்விடும். அடி தாங்கும் திறனும் அப்படித்தான். கழுத்துத் தசையைக் கூட்டலாம், தாடையை வளர்க்க முடியாது. 126 பவுண்டு ஆளின் குத்தை வாங்கிக்கொண்டு சிரித்தவர் 140 பவுண்டு ஆளிடமும் சிரிப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஒலெக்ஸாண்டர் உசிக் அந்த முதல் ரகம். 2018-ல் மாஸ்கோவில் கஸியெவை வென்று 200 பவுண்டு க்ரூஸர்வெயிட்டில் நான்கு அமைப்புகளின் பெல்ட்டுகளையும் எடுத்தார். அதற்குப் பிறகு அவர் அவசரப்பட்டு நேராக ஒரு பூதத்திடம் போகவில்லை. ஹெவிவெயிட்டில் முதலில் விதர்ஸ்பூன், பிறகு சிசோரா என்று இரண்டு சண்டை. சிசோரா அவரை நன்றாகவே நெருக்கித் தள்ளினார். கனமான ஆள் மேலே சாய்ந்தால் எப்படி மூச்சு வாங்கும் என்று உசிக் அங்கே கற்றுக்கொண்டார். 2021 செப்டம்பரில் லண்டனில் ஆந்தனி ஜோஷுவாவைச் சந்தித்தபோது உசிக் 221 பவுண்டு, ஜோஷுவா 240. 2024 டிசம்பரில் இரண்டாம் முறை டைசன் ஃபியூரியைச் சந்தித்தபோது வித்தியாசம் 50 பவுண்டுக்கும் மேல். அத்தனை சண்டையிலும் அவரை ஜெயிக்க வைத்தது கால்கள்தான். பன்னிரண்டு ரவுண்டும் நிற்காமல் நகரும் ஆளை 270 பவுண்டு உடம்பைத் தூக்கிக்கொண்டு துரத்துவது லேசான வேலை இல்லை. எட்டாவது ரவுண்டுக்கு மேல் பெரிய ஆளின் எடையே அவருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

இதற்கு நேர் எதிர் கனெலோ. அவர் 2019-ல் 175-க்குப் போய் கோவலெவைப் பதினொன்றாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். கோவலெவ் அப்போது 36 வயது, உச்சத்தைத் தாண்டியவர். அந்த வெற்றி கனெலோவுக்குத் தவறான தைரியம் கொடுத்தது என்பது என் எண்ணம். 2022 மேயில் அதே 175-ல் திமித்ரி பிவோலிடம் போனார். பிவோல் இளமையில் இருந்த, இயல்பாகவே அந்த எடையில் நிற்கும் ஆள். கனெலோவின் ஆட்டம் ஒவ்வொரு குத்தையும் முழு பலத்தோடு போடுவது. பிவோல் கைகளை உயர்த்தி அவற்றைத் தோளிலும் புஜத்திலும் வாங்கிக்கொண்டு, உடனே நாலைந்து குத்துகளைத் தொடராகத் திருப்பிக் கொடுத்தார். ஆறேழு ரவுண்டில் கனெலோவுக்கு மூச்சு முட்டியது. மூன்று நடுவர்களும் பிவோலுக்கு 115-113 என்றார்கள், பார்த்தவர்களில் பலருக்கு இடைவெளி அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

இப்போது முதலில் சொன்ன க்ராஃபோர்டுக்கு வருகிறேன். அவர் 154-லிருந்து 168-க்குத் தாவினார். இடையிலிருந்த 160-ஐத் தொடவே இல்லை. 154-லும் அதற்கு முன் ஒரே ஒரு சண்டைதான், 2024 ஆகஸ்டில் மத்ரிமோவோடு. 2014-ல் 135 பவுண்டில் முதல் பட்டம் எடுத்தவர். இதைப் பார்த்தால் சின்ன ஆள் பெரிய ஆளை வென்ற கதையாகத் தெரியும். ஆனால் இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கை நீளத்தில் க்ராஃபோர்டுக்கு 74 அங்குலம், கனெலோவுக்கு 70 அங்குலத்துக்குச் சற்று மேல். எடை கூடின ஆளுக்குத்தான் கை குட்டை. எடை பார்த்தபோது இருவரும் 167.5 பவுண்டு. லாஸ் வேகஸ் அலீஜியன்ட் அரங்கில் க்ராஃபோர்டு தன் ஜாபாலும் (முன் கையால் நேராகப் போடும் குத்து) இடது கையாலும் தூரத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டார், கனெலோவால் உள்ளே நுழைந்து உடம்பில் தொடர்ந்து அடிக்க முடியவில்லை. நடுவர்களின் புள்ளிகள் அவருக்கு 116-112, 115-113, 115-113. 37 வயதில், மூன்றாவது பிரிவில் எல்லா பெல்ட்டுகளும். நான்கு பெல்ட் காலத்தில் எந்த ஆணும் செய்யாதது.

அப்படியானால் கை நீளம் இருந்தால் போதுமா? போதாது. அதற்குச் சாட்சி கனெலோவின் இன்னொரு எதிராளி. 2023 செப்டம்பரில் ஜெர்மெல் சார்லோ இதே 154-லிருந்து இதே 168-க்கு, இதே கனெலோவிடம் வந்தார். அவர் கனெலோவைவிட உயரம், கையும் நீளம், க்ராஃபோர்டைவிட இளையவர், 154-ல் நான்கு பெல்ட்டும் வைத்திருந்தவர். ஏழாவது ரவுண்டில் முழங்காலில் உட்கார்ந்தார், அதன்பின் பிழைத்து முடித்தால் போதும் என்று ஆடிப் புள்ளிகளில் தோற்றார். என்ன வித்தியாசம்? சார்லோ ஒரு வருடத்துக்கும் மேல் ரிங்கில் இறங்காமல் வந்தவர். அதைவிட முக்கியம், கனெலோவின் குத்து கைமேல் விழுந்த முதல் ரவுண்டுகளிலேயே பதில் அடி கொடுப்பதை நிறுத்திவிட்டார். மேலே ஏறுகிற ஆளுக்கு இது பெரிய சோதனை. பெரிய ஆளின் முதல் நல்ல குத்து விழுந்ததும், இது நான் இதுவரை வாங்கியதைவிட வேறு ரகம் என்று உடம்பு சொல்லும். அந்தக் கணத்துக்குப் பிறகும் தன் ஆட்டத்தை ஆடுகிறவர்தான் ஏறத் தகுதியானவர். க்ராஃபோர்டு வாங்கினார், ஆனால் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் திருப்பிக் கொடுத்தார். இதைப் பயிற்சிக்கூடத்தில் யாராலும் முன்கூட்டி அளந்து சொல்ல முடியாது.

தாவலின் அளவையும் பார்க்க வேண்டும். மொத்தம் 17 பிரிவு. கீழே 112, 115, 118 என்று மூன்று மூன்று பவுண்டாக ஏறுகிறது, அதாவது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. 140-லிருந்து 147 ஐந்து சதவீதம். 175-லிருந்து 200-க்குப் போனால் பதினான்கு சதவீதம். ஆகவே 'மூன்று பிரிவுச் சாம்பியன்' என்ற பட்டத்தை எண்ணிக்கையாக மட்டும் எடைபோட முடியாது. 1937, 38-ல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 126, 135, 147 மூன்றின் பட்டங்களையும் வென்று, மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார். அன்று அது மூன்று பிரிவு. இன்றைய கணக்கில் அந்த இடைவெளிக்குள் ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றிலும் நான்கு அமைப்புகளின் பெல்ட்டுகள். பார்னி ராஸிடமிருந்து 147 பவுண்டு வெல்டர்வெயிட் பட்டத்தைப் பறித்த ராத்திரி ஆம்ஸ்ட்ராங் 135 பவுண்டு லைட்வெயிட் எல்லைக்குள்தான் இருந்தார். இதற்கு ஈடாக இன்றுவரை எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

பட்டங்களின் எண்ணிக்கைக்காக ஏறுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1988 நவம்பரைப் பாருங்கள். சுகர் ரே லெனார்டும் டானி லலோண்டும் மோதிய ஒரே சண்டையில் 168 பட்டமும் 175 பட்டமும் பந்தயத்தில் இருந்தன. லலோண்ட் 175-ன் சாம்பியன். ஆனால் 168-க்குள் வந்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். லெனார்ட் நாலாவது ரவுண்டில் கீழே விழுந்து எழுந்து, ஒன்பதாவதில் வென்றார், ஒரே ராத்திரியில் இரண்டு பிரிவின் சாம்பியன் ஆனார். லெனார்ட் மகத்தான வீரர் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்த 175 பட்டத்தை மட்டும் நான் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை, 175 பவுண்டு ஆள் யாரையும் அவர் அன்று சந்திக்கவில்லை.

சரி, ஏறவே கூடாதவர்கள் ஏறியதற்கு வருவோம். 2016-ல் அமீர் கான் 147-லிருந்து கனெலோவிடம் போனார். ஐந்து ரவுண்டு வேகத்தால் தாக்குப்பிடித்தார். ஆறாவதில் ஒரே ஒரு வலது கைக் குத்து, அசையாமல் கிடந்தார். கானின் தாடை பலவீனம் என்பது 2008-லிருந்தே உலகத்துக்குத் தெரியும். தாடை பலவீனமான ஒருவரை எட்டு பவுண்டு கூடுதலான ஒப்பந்த எடையில், அதைவிடவும் பெரிய உடம்போடு வரும் ஆளிடம் அனுப்பியவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு. 2019-ல் மைக்கி கார்சியா, இயல்பாக 135-ல் நிற்கும் அருமையான வீரர், 147-ல் எரோல் ஸ்பென்ஸிடம் போய்ப் பன்னிரண்டு ரவுண்டில் ஒரு ரவுண்டுகூட எடுக்காமல் திரும்பினார். கார்சியாவின் ஆட்டமே சரியான தூரத்தில் நின்று துல்லியமாக அடிப்பது. கை நீளமான ஸ்பென்ஸ் அந்தத் தூரத்தை அவருக்குக் கொடுக்கவே இல்லை.

கெல் ப்ரூக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், நான் முதலில் சொன்ன 'கீழே இறங்கக் கூடாது' என்பது அதில் இருக்கிறது. 147-ன் சாம்பியனாக இருந்தவர் 2016 செப்டம்பரில் லண்டனில் 160-ன் சாம்பியன் கென்னடி கொலோவ்கினிடம் போனார். சில ரவுண்டுகளில் உண்மையிலேயே நன்றாக அடித்தார். ஆனால் வலது கண்குழி எலும்பு உடைந்தது, ஐந்தாவது ரவுண்டில் சண்டையை நிறுத்தச் சொல்லி அவர் கார்னரிலிருந்து துண்டு விழுந்தது. அதோடு 160-லோ 154-லோ நின்றிருந்தால் இது ஒரு தைரியமான தோல்வி மட்டும்தான். அவர் என்ன செய்தார்? தன் பெல்ட்டைக் காப்பாற்ற, அறுவை சிகிச்சை முடிந்த சில மாதங்களில், 160-க்காக ஏற்றிய உடம்பைத் திரும்ப 147-க்கு வற்ற வைத்தார். 2017 மேயில் சொந்த ஊர் ஷெஃபீல்டில் ஸ்பென்ஸோடு மோதினார். இந்த முறை இடது கண்குழி உடைந்தது. பதினொன்றாவது ரவுண்டில் தானே முழங்காலிட்டு நிறுத்திக்கொண்டார். எட்டு மாதத்தில் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து ஒரு நல்ல சாம்பியனை முடித்துவிட்டன.

ராய் ஜோன்ஸும் இதே பாதையில்தான் போனார். 2003 மார்ச்சில் 193 பவுண்டில் 226 பவுண்டு ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார். மிடில்வெயிட் சாம்பியனாக இருந்த ஒருவர் ஹெவிவெயிட் பட்டம் எடுப்பது 1897-ல் பாப் ஃபிட்ஸிம்மன்ஸுக்குப் பிறகு அதுதான் முதல் முறை. அப்போதே அவர் நிறுத்தியிருக்கலாம், அல்லது மேலேயே இருந்திருக்கலாம். எட்டே மாதத்தில் அந்தத் தசையையெல்லாம் கரைத்து 175-க்கு இறங்கி டார்வரோடு மோதினார். ஏதோ வென்றார், ஆனால் முகம் வற்றிக் கால்கள் கனத்துப்போய்த் தெரிந்தன. 2004 மேயில் அதே டார்வர் இரண்டாவது ரவுண்டில் ஒரே இடது குத்தில் வீழ்த்தினார். செப்டம்பரில் க்ளென் ஜான்சன் ஒன்பதாவதில் வீழ்த்தினார். அவருக்கு அப்போது 35 வயது, அனிச்சை வேகத்தை மட்டும் நம்பி ஆடியவருக்கு வயதும் ஒரு காரணம்தான். ஆனாலும் கொழுப்பைக் கரைப்பதும் தசையைக் கரைப்பதும் ஒன்றல்ல. கொழுப்பு இறங்கினால் உடம்பு லேசாகும். தசையை இறக்கினால் பலமும் தாங்கும் சக்தியும் சேர்ந்தே இறங்கும்.

2008 டிசம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயா பக்கியாவோடு மோத 147-க்கு இறங்கியதும் இதே வகை. 2001-க்குப் பிறகு அவர் அந்த எடையைத் தொட்டதில்லை. எடை பார்த்தபோது தேவைக்கும் கீழே 145-ல் இருந்தார், சண்டையன்று ராத்திரி 147. கீழேயிருந்து ஏறி வந்த பக்கியாவ் அன்று அவரைவிட ஒரு பவுண்டு கூடுதல்! எட்டு ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழவில்லை. அதுவே அவருடைய கடைசிச் சண்டை. சண்டைக்கு முன்னால் 'பெரிய ஆள் சின்ன ஆளைக் கொன்றுவிடுவான்' என்று பேசாதவர்கள் குறைவு. தராசு சொன்ன உண்மையைக் கவனித்தவர்கள் அன்று மிகச் சிலரே.

ஏறாதவர்களைப் பற்றி: மார்வின் ஹாக்லர் 1980 முதல் 1987 வரை 160-ன் சாம்பியன், பன்னிரண்டு முறை பட்டத்தைக் காத்தார், ஒருமுறைகூட மேலே போகவில்லை. அவர் பட்டம் எடுத்தபோது 168 என்ற பிரிவே கிடையாது, ஒரு அமைப்பு அதைத் தொடங்கியதே 1984-ல். அதுவரை அடுத்த படி 175, அங்கே மைக்கேல் ஸ்பிங்க்ஸ் போன்றவர்கள். டுரான், ஹெர்ன்ஸ், லெனார்ட் மூவரும் கீழேயிருந்து ஏறி ஹாக்லரைத் தேடி வந்தார்கள். அவர் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. தன் பிரிவில் வந்த எவரையும் தவிர்க்காத ஒருவரைப் பார்த்து 'நீ ஏன் ஏறவில்லை' என்று கேட்பது நியாயமே இல்லை. 'இதே பிரிவில் நீ தவிர்த்தது யாரை?' என்பதுதான் சாம்பியனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அமைப்பு நிர்ணயித்த கட்டாய எதிராளியைச் சந்திக்காமல் பெல்ட்டை விட்டுக்கொடுத்துவிட்டு மேலே தாவுகிறவர்களை வீரர்கள் என்று புகழ்வதும், கீழே நின்று எல்லோரையும் சந்திப்பவரைப் பயந்தவர் என்பதும் இன்று சாதாரணமாகிவிட்டது.

விருப்பமே இல்லாமல் ஏற வேண்டியிருந்தவர்களும் உண்டு, அது நமக்கு நன்றாகத் தெரிந்த கதை. மேரி கோம் 45, 46, 48 கிலோவில் ஐந்து உலகப் பட்டங்கள் வென்றிருந்தார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாகக் குத்துச்சண்டை வந்தபோது மூன்றே எடைதான்: 51, 60, 75. வேறு வழியில்லாமல் 51-க்கு ஏறினார். அங்கே வெண்கலம் எடுத்தது பெரிய சாதனை. அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் உயரத்திலும் கை நீளத்திலும் அவர் கொடுத்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. 2018-ல் டெல்லியில் அவர் ஆறாவது உலகப் பட்டத்தை வென்றது மறுபடி 48 கிலோவில்தான். 51-ல் உலகப் பட்டம் அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. லவ்லினா போர்கோஹெய்னுக்கு இதே நிர்ப்பந்தம் வேறு விதமாக முடிந்தது. டோக்கியோவில் 69 கிலோவில் வெண்கலம் எடுத்தார். பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவே இல்லை, 66-க்கு இறங்க வேண்டும் அல்லது 75-க்கு ஏற வேண்டும். நல்ல உயரமானவர், ஏறினார். 2023-ல் டெல்லியில் 75 கிலோ உலக சாம்பியன் ஆனார். எலும்புக்கூட்டில் இடம் இருந்தவருக்கு ஏற்றம் உதவியது. அமெச்சூரில் எடை பார்ப்பது சண்டை நாள் காலையில் என்பதால் வற்ற வைத்து ஏற்றுகிற தந்திரத்துக்கு அங்கே இடம் குறைவு. அதனால் இயல்பான உடம்பின் அளவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

கடைசியாக, எல்லோரும் இப்போது கேட்கிற நவோயா இனோவே. 108-ல் தொடங்கி 115, 118, 122 என்று ஏறி, 118-லும் 122-லும் எல்லா பெல்ட்டுகளையும் எடுத்தவர். படிப்படியாக, ஒவ்வொரு எடையிலும் உடம்பை நிலைநிறுத்தி ஏறியவர். அவர் 126-க்குப் போக வேண்டுமா? என் கருத்து, அவசரம் வேண்டாம். 2024 மேயில் டோக்கியோ டோமில் நெரி முதல் ரவுண்டில் அவரைக் கீழே தள்ளினார், 2025 மேயில் லாஸ் வேகஸில் கார்டெனஸ் இரண்டாவதில். இரண்டும் இடது ஹுக், பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து. இரண்டு முறையும் எழுந்து எதிராளியை நிறுத்தினார் என்பது அவருடைய பெருமை. ஆனால் கீழே 115-லும் 118-லும் அவர் இப்படி விழுந்ததே இல்லை. தாடை ஒரு எல்லையை அறிவிக்கத் தொடங்கியிருக்கிறது. அவர் 165 செ.மீ. உயரம், 126-ல் இருப்பவர்களில் பலர் அவரைவிட உயரம். 122-லேயே அவரை நோக்கி ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள், 112-லிருந்து மேலே வந்த உயரமான இடது கைக்காரர் ஜுன்டோ நகதானி போல. அவர்களை அங்கேயே சந்தித்துவிட்டு, அதன்பிறகும் 122-ஐத் தொடுவது உடம்புக்குக் கஷ்டமாக இருந்தால் மட்டும் 126-க்குப் போகட்டும். போனால் முதல் சண்டையிலேயே சாம்பியனிடம் போகாமல், உசிக் செய்தது போல ஒன்றிரண்டு சண்டை அந்த எடையின் கனத்தைப் பழகிக்கொண்டு போகட்டும்.